பச்சை டி-ஷர்ட் படையும் பள்ளிக்கூடத்துக் குழிகளும்

முதலில் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். கம்பெனி ஊழியர்கள் மரம் நடும் போட்டோக்களைப் பார்த்திருப்பீர்கள். பச்சை டி-ஷர்ட், கையில் புத்தம் புது மண்வெட்டி, முகம் நிறையச் சிரிப்பு, காலடியில் கச்சிதமாக ஒரு குழி. அந்தக் குழியை அவர்கள் தோண்டவில்லை!

முந்தின நாள் சாயங்காலமே நாலு பேர் கடப்பாரையோடு வந்து, இரண்டடி நீளம் இரண்டடி அகலம் இரண்டடி ஆழத்துக்குத் தோண்டி, மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை இன்னொரு பக்கமும் குவித்து, தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் கலந்து வைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பங்கு தாலி கட்டுவது மட்டும்தானே? பந்தல், சமையல், மேளம் எல்லாம் வேறு ஆட்கள் பொறுப்பு. அதே கதைதான் இங்கேயும்.

இதைக் கேட்டு 'அட ஏமாற்றுக்காரர்களா' என்று கொதிக்க வேண்டாம். அந்த மண்ணைப் பார்த்தால் நீங்களே மன்னித்துவிடுவீர்கள். சென்னையில் ஓ.எம்.ஆர். சாலையை ஒட்டியிருக்கும் கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் தாழ்வான பூமி. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் கூப்பிடு தூரம். மேடாக்குவதற்காகக் கொட்டிய கட்டட இடிபாடுகள் மேலே, களிமண் கீழே. ஒரு குழியில் செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு, துருப்பிடித்த கம்பி, அறுந்த ஒற்றைச் செருப்பு என்று வரிசையாக வந்தது. கீபோர்டு தட்டும் கைகளிடம் கடப்பாரையைக் கொடுத்திருந்தால் ஒரு குழி முடிவதற்குள் தீபாவளி வந்திருக்கும்.

இந்தப் பக்கத்தில் இருக்கும் ஓர் அரசுப் பள்ளியில்தான் நான் பார்த்த செப்டம்பர் சனிக்கிழமைக் கூத்து. எந்தப் பள்ளி, எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள். பெயரைப் போட மாட்டேன் என்று சொல்லித்தான் திரைக்குப் பின்னால் நுழைந்தேன்.

ஊரைப் பற்றி நாலு வரி. 2000-ஆம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகரில் குடியமர்த்தல் தொடங்கியது. சென்னைக்குள் ஆற்றோரம், கால்வாயோரம் இருந்தவர்களை அள்ளிக்கொண்டு வந்து இங்கே இறக்கினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்து எட்டு மாடி பிளாக்குகள் என்று அது வளர்ந்துகொண்டே போனது. இதையெல்லாம் கட்டிய குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. வீடு கிடைத்தது. வேலை, பஸ், ஆஸ்பத்திரி, நிழல் எல்லாம் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. மற்றதையாவது மெல்ல மெல்லக் கொண்டுவந்தார்கள். நிழலைக் கொண்டுவரப் பல வருஷம் பிடிக்கும். பள்ளி மைதானத்தில் பிரேயர் நேரத்துக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று தலைமை ஆசிரியை கம்பெனிக்குக் கடிதம் எழுதியதில்தான் இந்தக் கதை ஆரம்பம்.

கம்பெனிப் பக்கத்தில் கதாநாயகி, எச்.ஆரில் இருக்கும் ஓர் இளம்பெண். அவரிடம் ஒரு எக்ஸெல் ஷீட். அதில் பெயர், பஸ் ஏறும் இடம், டி-ஷர்ட் சைஸ். "சைஸ் கேட்டா எல்லாரும் காலேஜ்ல போட்ட சைஸத்தான் சொல்றாங்க. அதனால எம்-னு எழுதினவங்களுக்கெல்லாம் எல் எடுத்து வெச்சிடுவேன்" என்றார். அன்று ஒரே ஒருவர்தான் 'லூஸா இருக்கே' என்று புகார் சொன்னார். பெருமைக்காகச் சொன்னார் என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் நிஜமான நாடகம் நடந்தது அதற்கு முந்தின வாரம், தலைமை ஆசிரியை அறையில். எந்தெந்த மரம் என்று முடிவு செய்யும் மாநாடு. கம்பெனிப் பிரதிநிதி, நர்சரிக்காரர், பி.இ.டி. சார், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, இவர்களோடு கையில் துடைப்பத்துடன் கதவோரம் நின்ற ஆயாம்மா. அதிகாரம் யார் கையில் என்று போகப் போகத் தெரிந்தது.

கம்பெனி கொண்டுவந்த லிஸ்ட்டில் முதல் பெயர் மயில்கொன்றை. சிவப்பாகப் பூத்தால் போட்டோவுக்கு அழகு என்பது வாதம். நர்சரிக்காரர் தலையை ஆட்டினார். "சார், 2016 டிசம்பர் பன்னெண்டாந் தேதி வர்தா புயல் வந்தப்ப மெட்ராஸ்ல எது எது விழுந்துச்சுன்னு நெனச்சுப் பாருங்க. இது மடகாஸ்கர்லேர்ந்து வந்தது. வேர் மேலாக்கப் போகும், கொம்பு சடசடன்னு முறியும். புள்ளைங்க இருக்கற எடம்." மயில்கொன்றை அவுட்.

பிள்ளைகள் சார்பில் மாமரம் முன்மொழியப்பட்டது. "பழம் ஒண்ணு விழும், ஜன்னல் கண்ணாடி பத்து விழும்" என்று எச்.எம். அடித்தார். முருங்கை? மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி. புளி? மேலாண்மைக் குழுத் தலைவி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பேய் வசதிகளைப் பற்றி மேற்கொண்டு விவாதிக்க அவர் தயாராக இல்லை. அரசமரம்? எச்.எம். சிரித்தார். "அடுத்த வருஷம் பிள்ளையார் வந்துடுவார். அதுக்கடுத்த வருஷம் உண்டியல்."

நிழலுக்கு வாதாமரம் போடலாமே, குடை விரித்த மாதிரி படருமே என்று பி.இ.டி. சார் சொன்னதுதான் தாமதம், கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "அதோட எலைய யாரு பெருக்கறது? ஒவ்வொண்ணும் முறம் சைஸ்ல கொட்டும். நீங்க பெருக்குவீங்களா சார்?" வாதாமரமும் அவுட். பெருக்குகிறவருக்குத்தான் வீட்டோ அதிகாரம் என்று நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கடைசியில் தேறியவை: புங்கன், பூவரசு, புன்னை, நீர்மருது, மகிழம். மேடை ஓரமாகக் கொஞ்சம் மேடான இடத்தில் மட்டும் வேம்பு, ஏனென்றால் அதற்குக் காலடியில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. நாவலுக்குக் காம்பவுண்டு மூலையில் ஒரே ஒரு இடம். யூனிபார்ம் சட்டையில் கறை படும் என்ற ஆட்சேபத்தை ஔவையார் கதையைச் சொல்லி பள்ளியின் தமிழம்மா முறியடித்திருந்தார். இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் உப்பு ஜாஸ்தி. புங்கனும் பூவரசும் புன்னையும் கடற்கரையோரத்து மரங்கள், உப்பைப் பார்த்து முகம் சுளிக்காதவை. அழகுக்காக அல்ல, தாக்குப்பிடிக்கும் என்றுதான் தேர்வு. இந்த ஒரு மணி நேரக் கூட்டத்தில் நடந்த சண்டைதான் முழு நிகழ்ச்சியிலும் உருப்படியான வேலை என்பது என் அபிப்பிராயம். அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

சனிக்கிழமை. ஏழரைக்குப் பஸ் வந்தது. இட்லி, பொங்கல், வடைப் பொட்டலங்கள் முதலில் இறங்கின, பொறியாளர்கள் பிறகு. எல்லார் கையிலும் வெள்ளைக் கையுறை. கையுறை மாட்டிக்கொண்டு மண்ணைத் தொடும் மனிதர்களை முதன்முதலாகப் பார்த்த ஆறாம் வகுப்புக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, ஆப்பரேஷனா?" என்று ஒரு பையன் கேட்டான்.

அடுத்து சொற்பொழிவு. கம்பெனியின் பெரியவர் மைக்கைப் பிடித்தார். நடிகர் விவேக்கைப் பற்றிச் சொன்னார். 2010-ல் அப்துல் கலாம் கேட்டுக்கொண்டதால் ஒரு கோடி மரம் என்ற இலக்கோடு அவர் இறங்கியது, 2021 ஏப்ரல் 17-ல் மறையும்போது 33 லட்சத்தைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க 2022 செப்டம்பரில் அரசு தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தையும் தொட்டார். நல்ல பேச்சுதான். ஆனால் வடை வாசனை மைக்கைவிடச் சத்தமாக இருந்தது.

பிறகு நர்சரிக்காரர் நடுவில் வந்து நின்று ஒரே ஒரு கட்டளை போட்டார். "பையக் கிழிச்சுட்டு வைங்க. பையோட வெச்சா அது மரம் இல்ல சார், பார்சல்." எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. செடி வரவில்லை என்று எங்காவது கூப்பிட்டால், போய்த் தோண்டிப் பார்ப்பாராம். உள்ளே கறுப்புப் பை அப்படியே இருக்குமாம், வேர் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் செத்திருக்குமாம்.

ஒரு செடிக்கு ஒரு பச்சைச் சட்டை, இரண்டு பிள்ளைகள் என்று கூட்டணி. சொல்லிக்கொடுப்பது பெரியவர்கள் என்று நினைத்தால் அங்கேதான் ட்விஸ்ட். பள்ளியின் பசுமைப் படையில் இருக்கும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளுக்கு ஜோடி, கண்ணாடி போட்ட ஒரு சாப்ட்வேர் அண்ணன்.

அவள் பிளேடால் பையை மேலிருந்து கீழாக ஒரே கோடாகக் கீறினாள். வேர்க்கட்டு உடையாமல் இரண்டு கையாலும் ஏந்தினாள். அடியில் சுருள் சுருளாகச் சுற்றியிருந்த வேரை விரலால் பிரித்து நீட்டிவிட்டாள். "அண்ணா, இப்ப புடிங்க. நேரா. இல்லண்ணா, இன்னும் நேரா!" குழிக்குள் வைத்ததும் மேல்மண் முதலில் போனது. "கழுத்து வரைக்கும்தான் மண்ணு. தண்டை மூடினா அழுகிடும்." பிறகு குதிகாலால் சுற்றிவர மிதித்தாள். அண்ணனையும் மிதிக்கச் சொன்னாள். அவர் ஷூவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஷூவைக் கழற்றிவிட்டு மிதித்தார். ஊன்றுகோலை நட்டு, சணல் கயிற்றை எட்டு வடிவத்தில் போட்டு, தண்டு அசைய இடம் விட்டுக் கட்டினாள். வட்டப் பாத்தி, அதன் மேல் காய்ந்த இலை மூடாக்கு, கடைசியாக ஒரு குடம் தண்ணீர். மண்ணுக்குள்ளிருந்து குமிழ் குமிழாகக் காற்று வெளியே வந்தது. குமிழி நிற்கும் வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவள் நிமிர்ந்தபோது அந்த அண்ணன் கேட்டார்: "அடுத்த செடிக்கும் நான் உன்கூடவே வரலாமா?"

பூவரசுகள் வந்து இறங்கியபோது ஒழுங்கு குலைந்தது. மன்னார்குடிப் பக்கத்துக்காரரான ஒரு டீம் லீட், தன் பதவியை மறந்து ஒரு இலையைக் கிள்ளி, சுருட்டி, நுனியை நசுக்கி, வாயில் வைத்து ஊதினார். பீ…ப்பீ! அவ்வளவுதான். அடுத்த ஐந்து நிமிஷத்தில் மைதானம் முழுக்க பீப்பீ. ஊதத் தெரியாத எம்.பி.ஏ.க்கள் மூன்றாம் வகுப்பிடம் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "நடறதுக்கு முன்னாடியே மொட்டை அடிச்சிடுவீங்க போலிருக்கே!" என்று எச்.எம். விசில் ஊதி அடக்கினார். அந்த டீம் லீட் என்னிடம் ரகசியமாகச் சொன்னது: அவர் ஊரில் இந்த இலையில் கொழுக்கட்டை வேகவைப்பார்களாம், அந்த வாசனை நினைவுக்கு வந்ததில் கை தானாகப் போய்விட்டதாம்.

திடீரென்று மைதானத்தின் அந்தக் கோடியில் கூச்சல். ஏழெட்டுப் பெண்கள் ஒரு குழியைச் சுற்றிக் கை கோத்து நிற்கிறார்கள். "அண்ணா, இங்க வெக்காதீங்க. இது எங்க மிடில் லைன்!" குழிகளுக்குச் சுண்ணாம்புக் குறி போட்ட அன்று பி.இ.டி. சார் லீவு. குழி விழுந்திருந்தது கபடித் தரையின் நட்டநடுவில். கண்ணகி நகர் பக்கத்தில் கபடியில் கை வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். 2025-ல் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் கார்த்திகா இந்த மண்ணில் ஆடி வளர்ந்தவர். நீர்மருது பவ்வியமாகச் சுவரோரம் நகர்ந்தது. பச்சைச் சட்டைகளே குழியை மூடி, மிதித்து, கோடு போட்டுக் கொடுத்தார்கள். அன்று அவர்கள் தனியாகச் செய்த ஒரே மண்வேலை அதுதான்.

இன்னொரு காட்சியையும் சொல்லாமல் விட முடியாது. மகளைப் பார்க்க வந்த ஓர் அம்மா, ஒரு மேனேஜரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டே போய், "சார், நீங்க நாலாவது மாடிதான?" என்றார். அந்த அம்மா கம்பெனிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங். ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களைத் துடைக்கும் கைகளில் எத்தனையோ இந்தத் தெருக்களிலிருந்துதான் போகின்றன. மேனேஜர் 'ஆமாம்மா' என்று மலர்ந்தார். "சாப்ட டப்பாவ சோத்தோட சிங்க்ல போடாதீங்க சார். அடைச்சிக்குது." சுற்றியிருந்த டீம் மொத்தமும் வானத்தைப் பார்த்தது. மேனேஜர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். திங்கட்கிழமை நாலாவது மாடிக்கு மெயில் போகும் என்றும் வாக்குக் கொடுத்தார்.

செடி நட ஒரு மணி நேரம். போட்டோ எடுக்க அதைவிடக் கூடுதல். செடியோடு, செடிக்காரரோடு, இடம் தேதி பதிந்த ஜியோ-டேக் படம் ஒவ்வொன்றாக. லோகோ தெரிகிற மாதிரி செடியைச் சுற்றிய கூண்டைத் திருப்பி வைத்து இன்னொன்று. கடைசியில் டிரோன். அது எழும்பி ஒரு சுற்று வந்திருக்கும், எங்கிருந்தோ பத்துக் காக்கைகள் பாய்ந்து துரத்தின. கீழே இறக்கிவிட்டார்கள். குரூப் போட்டோவுக்கு 'சீஸ்' சொல்லச் சொன்னார் போட்டோக்காரர். பிள்ளைகள் 'கபடி' என்றார்கள். படத்தில் எல்லார் வாயும் வெவ்வேறு பக்கம் இருக்கும், பாருங்கள். குழி தோண்டிய நாலு பேர் அதில் இல்லை. ஆயாம்மா கேட்டுக்கு வெளியே ஆடு வராமல் விரட்டிக்கொண்டிருந்தார். நர்சரிக்காரர் வேனில் தூக்கம்.

பஸ் கிளம்பியதும் எச்.எம். அறைக்குப் போனேன். அவர் மேஜையில் ஒரு நோட்டு. எந்த வகுப்பு, எந்தச் செடி, வாரத்தில் எந்த நாள் தண்ணீர் என்று கோடு போட்டு எழுதியிருந்தது. சத்துணவுக் கூடத்தில் அரிசி கழுவும் தண்ணீர் மகிழ மரத்துக்கு. கை கழுவும் குழாயிலிருந்து வாய்க்கால் வெட்டினால் புங்கன் வரிசைக்கு. ஆர்.ஓ. மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு இன்னும் கூடுதல், இளஞ்செடி கருகிவிடும் என்று நர்சரிக்காரர் சொன்னதையும் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார்.

செப்டம்பர் தேதியே எச்.எம். பிடிவாதம்தான். கம்பெனிகளுக்கு இரண்டு தேதிகள் உயிர். ஒன்று ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். அக்னி நட்சத்திரம் முடிந்த சூடு ஆறியிருக்காது. இன்னொன்று மார்ச் கடைசி, கணக்கு முடிக்கும் அவசரம். சென்னைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதற்குக் கொஞ்சம் முன்னால் நட்டால்தான் வேர் பிடிக்கும். "மழைக்கு ஒரு மாசம் முன்னாடி வாங்க. இல்லேன்னா வராதீங்க" என்று எழுதியே அனுப்பியிருக்கிறார்.

அது பாதிக் கதை. மீதிப் பாதி ஏப்ரல், மே. பள்ளி மூடிக்கிடக்கும். நோட்டில் தண்ணீர் முறை எழுதியிருக்கும் ஏழாம் வகுப்பு பாட்டி வீட்டில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் நட்ட செடிகள் சாவது பெரும்பாலும் அந்த இரண்டு மாதத்தில்தான். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. பெரிய லோகோ போட்ட விலை கூடிய இரும்புக் கூண்டுக்குப் பதிலாகச் சாதாரணக் கூண்டு போதும் என்று சொல்லி, மிச்சப் பணத்தில் மேலாண்மைக் குழுவைச் சேர்ந்த ஒரு தாய்க்கு மாதச் சம்பளம் பேசியிருக்கிறார். லீவு நாளிலும் கேட்டின் சாவி அந்தத் தாயிடம்.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. மாரத்தான் மாதிரி ஒரு நாள் கூத்துகளை இந்தக் கணக்கில் காட்டக் கூடாது என்று 2014-லேயே மத்திய அரசு விளக்கம் கொடுத்துவிட்டது. தொடங்கும் ஆண்டு நீங்கலாக மூன்று வருஷம் வரை ஓடும் தொடர் திட்டங்களுக்கு இடம் இருக்கிறது. ஒரு செடி தன் காலில் நிற்க இரண்டு மூன்று வருஷம் போதும். அரசுப் பள்ளிகளுக்கு இப்படி உதவ நினைக்கிறவர்களுக்காகவே 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வந்தது. ஆகவே, பட்ஜெட்டில் தண்ணீருக்குத் தனி வரி எழுத மனசு இருந்தால் போதும், வழி இருக்கிறது.

போட்டோவுக்காக வருகிறார்கள் என்று இவர்களைக் கிண்டலடிப்பது சுலபம். நானும் கொஞ்சம் அந்த நினைப்போடுதான் போனேன். வரட்டுமே! பீப்பீ ஊதிய டீம் லீட்டும், ஷூவைக் கழற்றிய அண்ணனும், சிங்க் விஷயத்தில் மாட்டிக்கொண்ட மேனேஜரும் வராமலிருந்தால் பிள்ளைகளுக்கு அந்தச் சனிக்கிழமை இவ்வளவு கொண்டாட்டமாக இருந்திருக்காது. கொண்டாட்டத்தில் குற்றமில்லை. மே மாதத்தை மறப்பதுதான் குற்றம்.

உங்கள் ஆபீஸிலும் மரம் நடக் கூப்பிட்டு மெயில் வரும். தயங்காமல் பெயர் கொடுங்கள். பதில் அனுப்பும்போது கீழே ஒரு கேள்வியையும் சேருங்கள்: 'பள்ளி லீவில் தண்ணீர் ஊற்றப் போவது யார், அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில்?' அதற்குப் பதில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.